வள்ளத்துக்குப் போற சீர்

வீரையன்: இந்தக் கதவு எவ்ளோ நயமாச் சாத்துது பாரு வல்லி. சத்தமே வரல.

அம்சவல்லி: அப்பா, அது ஆளு ஒசரம் இருக்கு.

வீரையன்: ஒசரமா இருந்தாத்தான ஃப்ரிட்ஜு?

அம்சவல்லி: வள்ளத்துல எங்க வைக்கிறது? இதப் படுக்கப் போட்டா அவரு நிக்க எடமிருக்காது.

வீரையன்: யாரு வள்ளத்துல வைக்கச் சொன்னா? வீட்டுல வையி. வர்றவன் போறவன் கண்ணுல படுற மாதிரி கூடத்துல வையி.

சஃபியா: அண்ணே, வல்லி ஃபோன்லயே சொல்லிட்டா. காத்துல ஓடுற பாய் வள்ளத்துல வைக்கிற சின்னப் பெட்டிதான் வேணும்னு. அதுக்குத்தான் அந்த மூலையில எடுத்து வெச்சிருக்கேன்.

வீரையன்: எங்க... இதா? இது ஸ்டூலு இல்லையா? செத்த ஒக்காரலாம்னு பாத்தேன்.

சஃபியா: ஒக்காந்துடாதீங்கண்ணே! அதுதான் சரக்கு.

வீரையன்: இதுவா ஃப்ரிட்ஜு! ஏம்மா, இந்த ஊர்ல கடை வெச்சிருக்கீங்க, நாலு தினுசு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

சஃபியா: எங்க வாப்பா காலத்துலேருந்து அதிராம்பட்டினத்துல ஐஸ் பெட்டி ரிப்பேர் பாக்குற கடை இது. தினுசெல்லாம் இருக்கு. வள்ளத்துல ஏறுற தினுசு இதுதான்.

வீரையன்: வல்லி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு.

அம்சவல்லி: சொல்லு.

வீரையன்: நீ ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் கட்டிக்கிட்ட. நான் வரல. நீயும் கூப்புடல.

அம்சவல்லி: கூப்புட்டேன். நீ ஃபோன எடுக்கல.

வீரையன்: சரி, எடுக்கல. இப்ப பேச ஆரம்பிச்சாச்சு இல்ல? வர்ற வெள்ளிக்கெழம நீடாமங்கலத்துலேருந்து குட்டியானை வண்டி புடிச்சு, தட்டு வரிசையோட சீரு எறக்குறேன். ஒங்கத்தை காத்தாயி வருவா. அவ மவளுக்கு டபுள் டோரு எறக்கினவ. நான் என்னத்த எறக்குவேன்? இந்த டிபன் பாக்ஸையா?

அம்சவல்லி: காத்தாயி அத்தைக்காகவா எனக்குச் சீரு?

வீரையன்: பின்ன? பாதி சீரு அவளுக்காகத்தான்.

சஃபியா: நெசத்தச் சொல்றாரும்மா மனுசன்!

வீரையன்: நீங்களே சொல்லுங்க. டிவிய கவர்மெண்டு குடுத்துருச்சு. மிக்சி, கிரைண்டர், ஃபேனு எல்லாம் கவர்மெண்டு குடுத்துருச்சு. பெத்தவன் குடுக்கறதுக்குன்னு ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதுலயும் இவ பொட்டிக் கடையில வெக்கிற சைசுல கேக்குறா.

அம்சவல்லி: அப்பா... கொஞ்சம் ஒக்காரு. ஸ்டூல்ல ஒக்காரு, பெட்டியில இல்ல. நான் ஏன் கேக்குறேன்னு சொல்றேன்.

வீரையன்: ம்.

அம்சவல்லி: காத்து நல்லா இருந்தா மதியத்துக்குள்ள கரைக்கு வந்துடலாம். காத்து விழுந்துருச்சுன்னு வையி... பாய் தொங்கிப் போயி, வள்ளம் கெடந்த எடத்துலயே கெடக்கும். அதுக்குள்ள ஐஸ் தண்ணியாயிரும். நண்டும் எறாலும் பதம் கெட்டுரும். ஏலம் எடுக்குறவரு மோந்து பாத்துட்டு ஓரமாத் தள்ளிடுவாரு. ராத்திரியெல்லாம் வலை கட்டி, விடியக்கால எந்திரிச்சு, வெயில்ல வெந்து... கடைசில கருவாட்டுக்குப் போடணும்.

வீரையன்: இஞ்சின் வெச்சுக்க வேண்டியதுதான?

அம்சவல்லி: டீசலுக்கு யாரு அழுவுறது? அதுவும் இல்லாம நம்ம வாய்க்கா முழுக்க சேறு. அலையாத்திக் காட்டுக்குள்ள பூந்து போறதுக்குப் பாய் வள்ளம்தான் சரி.

சஃபியா: இதுல சலிச்சுப் போயித்தான நீலமேகம் துபாய்க்குப் போறேங்குறாரு...

அம்சவல்லி: சஃபியாக்கா!

வீரையன்: என்னது? மாப்ள துபாய் போறாரா?

அம்சவல்லி: போகல. ஒரு ஏஜெண்டு வந்து வந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையாம். இந்த சீசனும் இப்படியே பதம் கெட்டா போயிடறேன்னு சொல்லிட்டாரு.

வீரையன்: நீ என்ன சொன்ன?

அம்சவல்லி: நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் புடிக்கல. அவரு போயிட்டா வள்ளத்த வித்துருவாங்க. நான் ஃபோனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். இந்தப் பெட்டி இருந்தா அவரு போவாண்டாம். அவ்ளோதாம்ப்பா.

வீரையன்: அவ்ளோதானா?

அம்சவல்லி: அவ்ளோதான்.

வீரையன்: ...சரி. காட்டுங்கம்மா அந்த ஸ்டூல.

சஃபியா: அப்படி வாங்க! இதப் பாருங்க, மூணு இருக்கு. இந்த நீலம் கார்ல வைக்கிறது. உள்ள சும்மா ஃபேன் ஓடும். நம்மூரு வெயிலுக்கு சர்பத் கூடச் சில்லுன்னு இருக்காது. அத விட்டுருங்க.

வீரையன்: வித்துட்டுப் போகாம விட்டுருங்கங்குறீங்க?

சஃபியா: நாளைக்கு இவ வந்து என் கழுத்தப் புடிப்பா. மத்த ரெண்டும் கம்ப்ரசர் வெச்சது. பன்னெண்டு வோல்ட் பேட்டரியில ஓடும். பின்பக்கம் ஒரு சோலார் தகடு வெச்சுட்டா பேட்டரி தானா ஏறிக்கும். ரெண்டும் ஒரே கொள்ளளவுதான்.

வீரையன்: கொள்ளளவுன்னா? எத்தன மரக்கா புடிக்கும்?

சஃபியா: மரக்காலா? அண்ணே, நெல்லா கொட்டப் போறீங்க?

வீரையன்: எனக்கு அதுதாம்மா வெளங்கும். லிட்டர்ல சொன்னா பால்காரன் ஞாபகந்தான் வருது.

அம்சவல்லி: ரெண்டு கூடை எறாலு புடிக்கும்ப்பா.

வீரையன்: அப்ப பரவால்ல. இந்தச் செவப்பு அழகா இருக்கே. முன்னாடி கதவு, கைப்புடி, உள்ள வெளக்கு. ஃப்ரிட்ஜுன்னு பாத்ததும் தெரியுது. மாலை போட்டு எறக்கினா காத்தாயி கூட கொறை சொல்ல மாட்டா. அந்த வெள்ளைய பாரு... ஐஸ் வண்டிக்காரன் மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி.

அம்சவல்லி: வெள்ளைதாம்ப்பா வேணும். மேல மூடி இருக்குல்ல.

வீரையன்: கதவுக்கு என்ன கொறை?

அம்சவல்லி: கதவு கடலுக்கு ஆவாது. போன மாசம் சஃபியாக்காகிட்டப் பழசு ஒண்ணு வாங்கிட்டுப் போயி வெச்சுப் பாத்தோம். கதவு வெச்சது. திரும்பி வரயில காத்து சைடுலேருந்து அடிச்சுது பாரு... வள்ளம் ஒருக்களிச்சுப் படுத்துருச்சு. கதவு தொறந்துக்கிச்சு. மொத்த எறாலும் சரசரன்னு கொட்டி என் காலுக்கு நடுவுல ஓடுது...

வீரையன்: யாரு காலுக்கு?

அம்சவல்லி: ...அவரு காலுக்கு.

வீரையன்: என் காலுக்குன்ன.

அம்சவல்லி: அவரு சொன்ன மாதிரியே சொன்னேம்ப்பா. 'என் காலுக்கு நடுவுல ஓடுச்சு வல்லி'ன்னாரு.

வீரையன்: ஓ.

சஃபியா: டீ சொல்லட்டுமா? டீ சொல்றேன். மருதையண்ணே! மூணு டீ!

வீரையன்: ஏன் வல்லி, எனக்கு ஒரு சந்தேகம். மாப்ள ஒத்த ஆளு. பாயப் புடிக்கணும், சுக்கானப் புடிக்கணும், வலையை இழுக்கணும். இந்த மூடிய யாரு தொறக்குறது?

அம்சவல்லி: ஒத்த ஆளா போவல. கூட ஒருத்தர் போறாரு.

வீரையன்: யாரு?

அம்சவல்லி: ஒரு ஊர்க்காரரு.

வீரையன்: பேரு இருக்கும்ல?

அம்சவல்லி: பேரா... அம்... அம்பலவாணன்.

வீரையன்: அம்பலவாணன்.

அம்சவல்லி: ஆமா.

வீரையன்: நல்ல பேரு. வயசாளியா?

அம்சவல்லி: இல்ல இல்ல, சின்ன வயசுதான்.

வீரையன்: தொழிலுக்குப் புதுசோ?

அம்சவல்லி: புதுசுதான். ஆனா கெட்டிக்காரரு. பாய்க்கயிறு புடிச்சாருன்னா அவரே சொல்வாரு... நம்ம அவரு... இந்தக் கரையில இப்படி ஒரு கை பாத்ததில்லன்னு.

சஃபியா: க்கும்... பெருமை ஜாஸ்தியா இருக்கே அம்பலவாணனுக்கு!

அம்சவல்லி: அவரு சொன்னதுக்கா.

சஃபியா: டீ வந்துருச்சு. இந்தாங்கண்ணே, இது ஒங்களுது. சீனி கம்மி, இஞ்சி தூக்கலாப் போட்டு அனுப்பிருக்காரு.

அம்சவல்லி: அதெப்படி மருதையண்ணனுக்குத் தெரியும், அப்பாவுக்குச் சீனி கம்மின்னு?

வீரையன்: நரைச்ச தலையைப் பாத்தா அவனே கம்மி பண்ணிட்டுப் போறான். இந்தக் காலத்துல யாருக்குத்தான் சுகரு இல்ல? ...ஏ, ஃபோன் அடிக்குது. ஒங்கம்மாதான். உள்ள ஒண்ணும் கேக்காது, வாசல்ல நின்னு பேசிட்டு வர்றேன்.

சஃபியா: போயிட்டாரு. ஏண்டி, அம்பலவாணனா? வேற பேரே கெடைக்கலியா?

அம்சவல்லி: 'அம்சவல்லி'ன்னு பாதி வாய்க்கு வந்துருச்சுக்கா. எப்படியோ மடக்கிட்டேன்.

சஃபியா: எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. சொல்லித் தொலையேன் அவருகிட்ட. நாந்தாம்ப்பா போறேன், எம் புருஷனோட நாந்தான் கடலுக்குப் போறேன்னு.

அம்சவல்லி: ஐயோ, வேற வினையே வேணாம்! முட்டியளவு ஏரித் தண்ணியில நின்னாலே 'வல்லி, வெளிய வா'ன்னு கத்துவாரு. கடல்னா அவருக்கு அவ்ளோ பயம். தெரிஞ்சா இப்பவே கையப் புடிச்சு பஸ்ஸேத்திருவாரு. இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்காரு. பேச்சும் போயி, பெட்டியும் போயி... அவரும் துபாய் போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?

சஃபியா: ஒன் மாமியா என்ன சொல்லுது?

அம்சவல்லி: மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. பொம்பள கால் பட்டா வலையில ஒண்ணும் விழாதுன்னாங்க. அன்னிக்குன்னு பாத்து நண்டு அள்ளிக்கிட்டு வந்துச்சு. இப்ப அவங்களே கஞ்சித் தூக்கு கட்டிக் குடுத்து, படியெறங்கி வந்து அனுப்புறாங்க.

சஃபியா: ஒனக்குப் பயமே இல்லியா?

அம்சவல்லி: பயமா? பாய் உப்பி நிக்கும் பாருங்க, கயிறு கையில துடிக்கும். எனக்கு வேற எதுவுமே வேணாம்னு இருக்கும்க்கா. இங்க வந்த நாள்லேருந்து நான் அழுவாத எடம் அது ஒண்ணுதான்.

சஃபியா: ம்ம்... ஏன் வல்லி, ஒங்கப்பாவ எங்கயோ பாத்த மாதிரியே இருக்கே?

அம்சவல்லி: எங்க பாத்திருப்பீங்க? பட்டுக்கோட்டை தாண்டி இந்தப் பக்கம் அவரு காலே வெச்சதில்ல. இன்னிக்குத்தான் மொதத் தடவ. ...வர்றாரு, வர்றாரு.

வீரையன்: ஒங்கம்மா கேக்குறா, கலரு என்னன்னு. மத்தது எதுவும் கேக்கல.

அம்சவல்லி: வெள்ளைன்னு சொன்னியா?

வீரையன்: இன்னும் முடிவாகலன்னேன். ஏம்மா, இந்தப் பெட்டியச் சாச்சு வெச்சாலும் ஓடுமா? செவத்துல சாத்துன ஏணியாட்டம் சாஞ்சா?

சஃபியா: ஓடும். தலைகீழாக் கவுக்காம இருந்தாச் சரி.

வீரையன்: எங்க, ஒரு கை புடிங்க... இந்தப் பக்கம் சாய்ப்போம். சோழகம் அடிக்கையில இந்தப் பக்கந்தான சாயும்?

அம்சவல்லி: சோழகமா?

வீரையன்: ஏன்?

அம்சவல்லி: நம்மூர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டோமே. தெக்குக் காத்துன்னுதான சொல்லுவ?

வீரையன்: இங்க... பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தன் சொல்லிக்கிட்டே வந்தான். காதுல விழுந்துச்சு.

சஃபியா: நல்ல பஸ்ஸு. அடுத்த தடவ அதுலயே வாங்க, பாய் கட்டவே கத்துக்கலாம்.

வீரையன்: நக்கலு! இந்தா, சாச்சாச்சு. செவப்புக் கதவு... ஏ, தொறந்துக்கிச்சுடி!

அம்சவல்லி: பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா?

வீரையன்: வெள்ளை... மூடி அசையல. ம்ம்.

அம்சவல்லி: கொக்கி வேற இருக்குப்பா, பாரு. ஒரு கையாலயே தொறக்கலாம், மூடலாம். ஒரு கைதான் காலியா இருக்கும்.

வீரையன்: அம்பலவாணனுக்கு.

அம்சவல்லி: ...ஆமா, அவருக்கு.

சஃபியா: நம்ம கரையில பொம்பளைய வள்ளத்துல ஏத்த மாட்டாங்க தெரியுமாண்ணே? இப்பதான் அங்கொண்ணு இங்கொண்ணு...

அம்சவல்லி: அக்கா, அந்த சோலார் தகட்ட எடுங்க, பாப்போம்.

வீரையன்: இரு, அவங்க சொல்லட்டும். எல்லா ஊர்லயும் அப்படி ஒண்ணு சொல்லி வெச்சிருப்பான். எங்கூர்ல ஏரு.

சஃபியா: ஏரா?

வீரையன்: பொம்பள ஏர் புடிச்சா மழை பேயாதும்பாங்க. நான் கால்சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப எங்களுக்கு உச்சவரம்பு நெலம் வந்துச்சு. அது வரைக்கும் மிராசுதாரு வயல்ல கூலிதான். பட்டா கைக்கு வந்த கையோட ஒரு அடிதடி, எங்கப்பன உள்ள வெச்சுட்டாங்க. மிராசுதாரு ஆளு தெருத் தெருவா சொல்லிட்டான், நெலம் தரிசாக் கெடந்தா திரும்ப எடுத்துக்குவோம்னு. அது நெசமோ பொய்யோ, எங்களுக்கு என்ன தெரியும்? தெருவுல ஒரு ஆம்பள ஏரக் கட்ட வரல. பயம்.

சஃபியா: அப்பறம்?

வீரையன்: எங்காத்தா கட்டுனா. அம்சம்னு பேரு, இவளுக்கு வெச்சது அந்தப் பேருதான். எரவல் மாட்டப் புடிச்சுக்கிட்டு எறங்குனா. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். மேழி அவளத் தூக்கித் தூக்கிப் போடுது. முடி அவுந்து கண்ண மறைக்குது. மேழிய விட்டுட்டு ஒதுக்க முடியல. ஒரு சால் கோணிப் போச்சு. அப்பறம் நின்னா... அள்ளிக் கொண்டையப் போட்டா... இழுத்தா பாருங்க. அதுக்கப்பறம் ஒரு சால் கோணல.

சஃபியா: மழை?

வீரையன்: அந்த வருசம் வரப்பு ஒடையிற அளவுக்குப் பேஞ்சுது. அறுப்புக்குப் படகு வேணும்னு திட்டிக்கிட்டே அறுத்தோம்.

அம்சவல்லி: இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லியேப்பா.

வீரையன்: நீ எங்கிட்ட எல்லாத்தயும் சொல்றியாக்கும்?

அம்சவல்லி: டீ ஆறுது, குடிப்பா.

வீரையன்: அதே நெலத்துலதாம்மா கேஸு குழா பதிக்கிறேன்னு கம்பெனிக்காரன் வந்தான். எல்லாரும் வயல்ல போயி படுத்தோம். இவளும் காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்து வரப்புல ஒக்காந்தா. எங்களுக்கு ஆதரவுன்னு கடக்கரை ஆளுங்க வண்டி புடிச்சு வந்தாங்க. அதுல ஒரு ஆளு எல்லாருக்கும் தண்ணி பாட்டில் குடுத்துக்கிட்டு வந்தாரு. இவளுக்கு மட்டும் ரெண்டு.

சஃபியா: அட! நீலமேகம் அப்படித்தான் மாட்டுனாரா?

அம்சவல்லி: அப்பா, போதும். மானத்த வாங்காத.

வீரையன்: நெலம் தப்பிச்சுது, பொண்ணு போயிருச்சு. நான் யாரப் போயி கேக்குறது?

அம்சவல்லி: எங்கப்பா போனேன்? இந்தா இருக்கேன். எட்டிப் புடிச்சா பஸ்ஸு.

வீரையன்: தெரியும் தெரியும். ஒட்டுத் துணி போட்ட பாயி, பல்லு தெரிய சிரிக்கிற மாப்ள, சந்தோசமாத்தான் இருக்க. அதப் பாத்துட்டுத்தான ஃபோனப் போட்டேன்.

அம்சவல்லி: எதப் பாத்துட்டு? எங்க பாயில ஒட்டுத் துணி இருக்குன்னு...

வீரையன்: ஃபோட்டோவுல. மாப்ள அனுப்பினாருல்ல?

அம்சவல்லி: அவரு ஃபோன்ல கேமராவே ஒடைஞ்சு கெடக்கு.

சஃபியா: சரி சரி, அண்ணே, முடிவச் சொல்லுங்க. செவப்புக் கதவா, வெள்ளை மூடியா?

அம்சவல்லி: அப்பா... ஒனக்குக் கஷ்டமா இருந்தா செவப்பே எடுத்துக்கலாம். கயித்தக் கட்டி எப்படியாவது சமாளிச்சுக்கறேன்... சமாளிச்சுக்குவாரு.

வீரையன்: வெள்ளையக் கட்டுங்கம்மா.

அம்சவல்லி: நெசமாவா?

வீரையன்: சோலார் தகடும் சேத்துக் கட்டுங்க. பேட்டரி நல்லதாப் பாத்துக் குடுங்க, நடுக்கடல்ல நின்னு போச்சுன்னு பேச்சு வரக்கூடாது.

சஃபியா: அது எம் பொறுப்பு.

அம்சவல்லி: காத்தாயி அத்தை சிரிக்குமேப்பா. அம்மாம் பெரிய குட்டியானையில இந்தத் தக்குனூண்டு பெட்டி மட்டும் வந்தா...

வீரையன்: நடு மத்தியில வெச்சு, பெரிய மாலையாப் போட்டு, நானும் பக்கத்துலயே ஒக்காந்து வருவேன். சிரிச்சான்னா, ஒன் டபுள் டோரக் கொண்டு போயி கடல்ல நிறுத்துடி பாப்போம்னு கேப்பேன்.

சஃபியா: அப்படிப் போடுங்க! ...ஏ வல்லி, எதுக்கு இப்ப கண்ணக் கசக்குற?

அம்சவல்லி: தூசிக்கா. கடையக் கூட்டுறதே இல்லியா நீங்க?

வீரையன்: சீரு வீட்டு வாசல்ல எறங்காது. நேரா வள்ளத்துல எறங்கும். சம்பந்தியம்மா நாகம்மாள்ட்ட சொல்லிரு.

அம்சவல்லி: நீ அவ்ளோ தூரம் வருவியா? அலைகிட்டயா?

வீரையன்: வந்துதான ஆவணும். அப்பறம் ஒரு சேதி. அந்த அம்பலவாணன்கிட்ட சொல்லணும், மறந்துறாத.

அம்சவல்லி: அவ... அவருகிட்டயா? என்ன சேதி?

வீரையன்: வாய்க்கா முகத்துல பாயத் திருப்பயில, வள்ளத்துக்கு வெளிய நீட்டுன பலகையில ஏறி ஒக்காந்து கயித்த இழுக்குறது நல்லாத்தான் இருக்கு, மருதையன் கடையிலேருந்து பாக்குற எனக்குத்தான் கையில டீ நிக்க மாட்டேங்குது. இனிமே சடையத் தொங்க விடாம, அள்ளிக் கொண்டை போட்டுக்கிட்டு ஏறச் சொல்லு. காத்துல கண்ணுல வந்து விழுவுது.